மதுரைக்கு ஒரு நாள் போதுமா? வார இறுதிக்குக் கிளம்பும் நண்பர் கூட்டத்துக்கு

ஜனவரி 5, காலை (கேள்வி)

மதுரைக்கார அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஆறு பேர் கிளம்புகிறோம். ஐந்து பேர் சென்னை, ஒருவன் பெங்களூரு. ஒரு தோழி தன் அம்மாவையும் கூட்டி வருகிறாள், அவருக்கு முழங்கால் வலி உண்டு. பிப்ரவரி 1 ஞாயிறு வருகிற வார இறுதி. மதுரையில் மீனாட்சி கோயிலும் மஹாலும்தானே, ஒரு நாளில் முடிந்துவிடும். ஞாயிறு ராமேஸ்வரம் போய்விட்டு அன்று இரவே ரயில் ஏறலாம் என்பது என் கணக்கு. ராமேஸ்வரம் இல்லை என்றால் கொடைக்கானல். சரிவருமா?

ஜனவரி 5, இரவு

சரிவராது தம்பி.

ராமேஸ்வரம் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. அங்கே போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடாமல், தனுஷ்கோடியும் பார்க்காமல் திரும்பினால் எதற்குப் போனோம் என்று ஆகிவிடும். இரண்டையும் செய்தால் இரவு ரயிலைப் பிடிக்க டிரைவரை விரட்ட வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவை ஏழு மணி நேரம் வண்டியில் உட்கார வைப்பதையும் யோசியுங்கள். கொடைக்கானலுக்கு மலைப்பாதை, இ-பாஸ், வார இறுதி நெரிசல். அது தனியாக வைத்துக்கொள்ள வேண்டிய பயணம்.

"மதுரையில் கோயிலும் மஹாலும்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வருகிற நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், சிம்மக்கல் பக்கம் வீடு, வருகிற நண்பர்களை எல்லாம் ஊர் சுற்றிக் காட்டுகிறவன். இரண்டு நாளும் மதுரைக்கே கொடுங்கள். அப்போதும் மிச்சம் இருக்கும்.

ஜனவரி 6

தேதியை நேற்று கவனிக்கவில்லையே என்று காலையில் காலண்டரைப் பார்த்தேன். பிப்ரவரி 1 தைப்பூசம். அன்று தெப்பத் திருவிழா. அம்மனும் சுவாமியும் விடிவதற்குள் கோயிலை விட்டுக் கிளம்பி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள், திரும்ப இரவு ஆகிவிடும். அதுவரை மீனாட்சி கோயில் நடை சாத்தியிருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தை மட்டும் வெளியூர்க்காரர்களுக்காகத் திறந்து வைப்பது வழக்கம். திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை இரண்டுமே முருகன் தலம் என்பதால் அங்கேயும் கூட்டம் நெரியும்.

முதல் தடவை வருகிறவர்கள் என்றால் தேதியை மாற்றுங்கள். பிப்ரவரி 14, 15 வேண்டாம், 15 சிவராத்திரி. 7, 8 நல்ல நாள். வெயிலும் அதற்குள் ஏறியிருக்காது.

ஜனவரி 6, இரவு

மறுபடி யோசித்தேன். தெப்பத்தைப் பார்க்காதே என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது 1640-களில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறையும். நடுவில் மைய மண்டபம். தெப்பத்தைக் கரையிலிருந்து ஆட்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். காலையில் இரண்டு சுற்று, இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்று. கோயிலை ஏற்கெனவே நன்றாகப் பார்த்தவர்கள் கூட்டமாக இருந்தால் தைப்பூசத்துக்கே வரச் சொல்வேன். உங்கள் ஆறு பேரில் எத்தனை பேர் கோயில் பார்த்தவர்கள் என்று சொல்லுங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்.

ஜனவரி 7

நான்கு பேர் பார்த்ததில்லை என்கிறீர்கள். அப்படியானால் 7, 8. தெப்பத்துக்கு இன்னொரு வருடம் வாருங்கள்.

ரயில் விஷயம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, ஆகவே பிப்ரவரி 6-ஆம் தேதி வெள்ளி இரவு டிக்கெட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் முதலில் பாருங்கள், மதுரையில்தான் கடைசி நிறுத்தம், தூங்கிவிட்டாலும் கவலை இல்லை. அது கிடைக்காவிட்டால் பொதிகை, முத்துநகர், நெல்லை எல்லாமே மதுரை வழிதான். அலாரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடிகாலை எழும்பூரில் வந்தே பாரத் ஏறலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏறலாம். ஆனால் மதுரை வந்து சேர பத்தரை ஆகும். அறைக்குப் போய்க் குளித்துக் கிளம்பினால் கோயில் வாசலை மிதிக்கும்போது நடை சாத்தும் நேரம். இந்தப் பயணத்துக்கு இரவு ரயில்தான் பொருத்தம். பெங்களூரு நண்பருக்கு வெள்ளி மதிய வந்தே பாரத் வசதி, இரவு பத்துக்குள் இறங்கிவிடுவார். திரும்பிப் போக மைசூரு ரயில் இருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகப் போவது.

ஜனவரி 8

இனி கோயில். மதுரைப் பயணத்தின் நேரத்தை எல்லாம் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள், நான்கு மணிக்குத் திறப்பார்கள். இதை நடுவில் வைத்துக்கொண்டு மற்றதைச் சுற்றி அடுக்குங்கள்.

காலை ஏழு மணிக்கு உள்ளே போய்விட வேண்டும். ஒன்பதுக்கு மேல் சனிக்கிழமைக் கூட்டம் சேர்ந்துவிடும். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. வெளியே வைத்து டோக்கன் வாங்கலாம், ஆனால் ஏழு பேரும் தனித்தனியாக வரிசையில் நிற்பதற்குப் பதில் போன்களை அறையிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். போன் இல்லாமல் பிரிந்துபோனால் தேடுவது கஷ்டம், பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் சந்திப்போம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குளக்கரையிலிருந்து தெற்குக் கோபுரம் தெரியும், நான்கு வெளிக்கோபுரங்களில் அதுதான் உயரம். அம்மா அங்கேயே சாய்ந்து உட்காரலாம்.

ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. அதை அவசரமாகக் கடக்காதீர்கள். தரிசனம் முடித்த களைப்பில் எல்லாரும் விட்டுவிட்டு வருகிற இடம் அது.

பிறகு பன்னிரண்டரை முதல் நான்கு வரையிலான இடைவெளியில் திருமலை நாயக்கர் மஹால்.

ஜனவரி 8, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன், இதுதான் முக்கியம். சனி இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் கோயிலுக்கு வாருங்கள். பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் சுவாமி சன்னதியிலிருந்து கிளம்பி அம்மன் சன்னதிக்கு வரும். நாதஸ்வரமும் மேளமும் முன்னே வரும், சாம்பிராணிப் புகை கல்தூண்களுக்கு நடுவில் அப்படியே நிற்கும். பகலில் தள்ளுமுள்ளாக இருந்த பிரகாரத்தில் அப்போது உள்ளூர்க்காரர்கள்தான் இருப்பார்கள், தினமும் வருகிற பூக்கார அம்மா, கடை சாத்திவிட்டு வந்த செட்டியார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். பல்லக்கு கிட்டே வரும்போது எல்லாரும் சுவரோடு ஒதுங்கி வழிவிடுவார்கள். எங்கள் ஊர் தெய்வத்தை ஒரு குடும்பமாக நினைக்கிற ஊர். பகல் தரிசனத்தில் அது தெரியாது, இந்த அரை மணி நேரத்தில் தெரியும்.

ஜனவரி 10

சாப்பாடு பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள்.

காலை இட்லி எங்கே சாப்பிட்டாலும் நன்றாக இருக்கும், நான்கு வகைச் சட்னி வரும், அதற்காக அலைய வேண்டாம். மதியம் அயிரை மீன் குழம்பு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது அந்த மீன், முள்ளோடு சாப்பிடலாம். விலை கூடுதல், ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று சொல்லாமல் முதலில் இரண்டு வாங்கிப் பகிர்ந்து பாருங்கள்.

இரவு கறிதோசை. சிம்மக்கல் கோனார் கடை பெயர் எல்லாருக்கும் தெரியும், நானும் அதையே சொல்வேன். தோசைக்கல் பக்கத்தில் நின்று பாருங்கள். மாவைக் கொஞ்சம் தடிமனாக ஊற்றுவார், மேலே முட்டையை உடைத்துப் பரப்புவார், அது பிடிப்பதற்குள் வெந்த கறியை மசாலாவோடு அள்ளிப்போட்டு, எண்ணெய் விட்டு, தோசைத் திருப்பியால் ஒரே வீச்சில் புரட்டுவார். கறிப்பக்கம் கல்லில் பட்டதும் வருகிற வாசனைக்குத் தெருமுனையில் நிற்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். ஒரு தோசை ஒருவருக்குப் போதும்.

இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் வரமாட்டேன் என்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது உண்டு. அதனால் பள்ளியறை பூஜை முதலில், கறிதோசை பிறகு. பத்து மணிக்கு மேல் கடை இருக்குமா என்று கேட்காதீர்கள், இது தூங்கா நகரம்.

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண். டம்ளரில் பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதன் மேல் ஐஸ்கிரீம். சின்ன டம்ளரே வயிற்றை அடைக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்காதீர்கள்.

ஜனவரி 11

சைவம் சாப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று இன்றுதான் சொல்கிறீர்கள்! அவருக்குக் கவலையே வேண்டாம். மேலமாசி வீதிப் பக்கம் கோபு ஐயங்கார் கடையில் சாயங்காலம் வெள்ளையப்பம். பருத்திப்பால் தெருவுக்குத் தெரு கிடைக்கும், கருப்பட்டியும் சுக்கும் போட்டது. ஸ்டேஷன் பக்கம் பிரேமா விலாஸ் அல்வாவைச் சூடாக இலையில் வாங்கிச் சாப்பிடலாம். கறிதோசைக் கடையில் அவரை வெறுமனே உட்கார வைக்காமல் முன்னதாகவே டிபன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் கூட்டமாகப் போகும்போது சைவக்காரர்தான் எப்போதும் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பசியோடு தூங்குகிறவர்.

ஜனவரி 13

8-ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். மதிய இடைவெளியில் மஹால் என்று எழுதியிருக்கிறேன். இளவட்டம் மட்டும் என்றால் அது சரி. அம்மா வருகிறார். காலை ஏழிலிருந்து கல்தரையில் வெறுங்காலோடு நடந்தவர், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும், நீங்களும் ரயிலில் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். மூன்றரைக்குக் கிளம்பினால் போதும். மஹால் ஐந்து மணி வரை. சாயங்கால வெயில் சாய்வாக முற்றத்துக்குள் விழும்போது அந்தத் தூண்களின் நிழலைப் பார்க்க வேண்டும்.

1636-இல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான். அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று புத்தகத்தில் படித்தால் மனசில் ஏறாது. மஹாலுக்குப் போகுமுன் விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் பிரம்மாண்டமான கல்தூண்கள் பத்து வானத்தைப் பார்த்துத் தனியாக நிற்கும், மேலே கூரை கிடையாது. அதுவும் அரண்மனையைச் சேர்ந்ததுதான். அங்கிருந்து நடந்தே மஹாலுக்கு வாருங்கள். அந்தத் தூரம் முழுக்க அரண்மனை என்பது காலுக்குப் புரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மஹாலின் தூண்களில் ஆணியால் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடு அரைத்து வழவழவென்று பூசிய தூண்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உங்கள் கூட்டத்தில் யாரும் செய்யமாட்டார்கள் என்று தெரியும், வேறு யாராவது செய்தால் தயவுசெய்து சத்தம் போட்டுத் தடுங்கள்.

ஜனவரி 18

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஊர் வேறு உலகத்தில் இருந்தது. ஜல்லிக்கட்டைப் பயணத்தில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிப்ரவரியில் சுற்றுவட்டாரத்தில் எங்காவது நடக்கும், ஆனால் முன்பின் தெரியாத ஊரில் வாடிவாசல் பக்கம் அம்மாவோடு போய் நிற்க வேண்டாம். பார்க்கத்தான் வேண்டும் என்றால் பொங்கலுக்கு உள்ளூர் ஆள் ஒருவரோடு வாருங்கள்.

ஜனவரி 20

ஞாயிறு. கீழடியா, சமணர் மலையா என்று உங்களுக்குள் சண்டை நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கீழடி ஊருக்குத் தென்கிழக்கே சிலைமான் தாண்டி, சமணர் மலை மேற்கே தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை பக்கம். எதிரெதிர் திசை. ஆனாலும் இரண்டையும் பார்க்க முடியும். கீழடி அருங்காட்சியகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் சமணர் மலையை முடித்துவிடலாம்.

ஆறேகாலுக்கு வண்டி கிளம்பட்டும், ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று நாள் வாடகைக்கு. கீழக்குயில்குடியில் இறங்கியதும் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அம்மாவுக்கு அந்த ஆலமரத்தடி போதும், எழுந்துவர மனசே வராது. செட்டிப்புடவுக்குப் படி குறைவு, முடிந்தால் அவரும் ஏறலாம். குகைக்கு வெளியே தீர்த்தங்கரர் பெரிய உருவமாக உட்கார்ந்திருப்பார். உள்ளே குனிந்து போய் மேலே பார்த்தால் வளைவான பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், அதில் சிங்கத்தின் மேல் ஏறி யானையோடு சண்டை போடும் பெண் உருவம் ஒன்று. அதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

கால் தெம்பு உள்ளவர்கள் பேச்சிப்பள்ளம் வரை ஏறுங்கள். அங்கே எட்டு உருவங்கள் ஒரே வரிசையில், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. யார் செய்வித்தது என்பதை அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன, குறண்டி திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் மாணாக்கர் பெயர்கள் வருகின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேலான எழுத்து, கையெட்டும் தூரத்தில். கையால் தடவாதீர்கள்.

கீழே வந்து காலை டிபன், பிறகு ரிங் ரோடு வழியாகக் கீழடி.

ஜனவரி 21

கீழடியில் வெறும் பானை ஓடுதானே என்று கேட்ட நண்பருக்கு. வெறும் ஓடு இல்லை ஐயா. 'குவிரன் ஆதன்' என்று தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடு. எழுதியவர் அரசரா, குயவரா, பானைக்குச் சொந்தக்காரரா, யாராக இருந்தாலும் தன் பெயரை எழுதத் தெரிந்தவர். அங்கே அகழாய்வில் எடுத்த ஒரு மாதிரிக்குப் பொது ஆண்டுக்கு முன் 580 என்று காலம் வந்திருக்கிறது. பகடைக் காய், சுடுமண் விளையாட்டுப் பொருள், தங்க அணி எல்லாம் இருக்கின்றன. 2023 மார்ச்சில் திறந்த கட்டடம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாக இருக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குழு குழுவாக அனுப்புகிற காணொளி ஒன்று ஆரம்பத்தில் இருக்கும், அதைத் தாண்டி ஓடாதீர்கள்.

ஜனவரி 24

தங்குமிடம். ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் எடுங்கள், இரண்டுக்கும் நடந்தே போகலாம். புக் செய்யுமுன் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "காலை ஆறு மணிக்கு வந்தால் எத்தனை மணி வரை கணக்கு?" சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு, சில இடங்களில் மதியம் பன்னிரண்டுக்குத்தான் நாள் தொடக்கம். என் நண்பர்கள் வந்தபோது ஒரு லாட்ஜில் விடிகாலை வந்ததற்காக முழு ஒரு நாள் வாடகையைக் கூடுதலாகக் கேட்டார்கள், குழந்தைகளோடு வரவேற்பறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாக்குவாதம். நல்ல பயணத்தின் முதல் மணி நேரம் அப்படிப் போகக் கூடாது. பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் அம்மாவுக்காகக் கேட்டுவிடுங்கள்.

ஜனவரி 26

நண்பர்களோடு போகிற பயணம் பற்றிக் கொஞ்சம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன்.

கிளம்புமுன் ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். ஆட்டோ, டிபன், பார்க்கிங் எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி போடுங்கள். சம்பளம் கூடக்குறைய வாங்குகிறவர்கள் ஒரே கூட்டத்தில் இருக்கும்போது, "நான் கொடுக்கிறேன், விடு" என்று ஒருவரே கொடுத்துக்கொண்டிருந்தால் மற்றவருக்கு அது உறுத்தும். பேசமாட்டார், அடுத்த பயணத்துக்கு வரமாட்டார். இப்படி வராமல் போன ஒரு நண்பன் எனக்கு உண்டு.

அப்புறம், ஏழு பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று கட்டாயம் வைக்காதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் பிரிந்துவிடுங்கள். காந்தி மியூசியம் பார்க்க ஆசைப்படுகிறவர் தமுக்கத்துக்குப் போகட்டும், அது ராணி மங்கம்மாளின் அரண்மனை, காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை பட்ட துணி அங்கே இருக்கிறது. அவர் 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையை விட்டு அரைத்துணிக்கு மாறியதும் இதே ஊரில்தான், மேலமாசி வீதியில். அந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் இப்போது கதர்க்கடை. சுங்குடிச் சேலை வாங்க வேண்டியவர்கள் கடைக்குப் போகட்டும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சேலை அது. அச்சடித்ததையும் அதே பெயரில் விற்கிறார்கள், முடிச்சுப் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அசல் சுங்குடியில் புள்ளியின் நடுவில் முடிச்சின் சுருக்கம் கைக்குத் தட்டுப்படும்.

பிப்ரவரி 2

நேற்று தெப்பம். நல்ல கூட்டம், குளத்தில் நல்ல தண்ணீர். நீங்கள் சனி சாயங்காலம் மஹால் முடித்துவிட்டு நேராகத் தெப்பக்குளம் போங்கள், மைய மண்டபத்தின் பின்னால் வெளிச்சம் இறங்கும் நேரம் சரியாக இருக்கும். சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம்.

பிப்ரவரி 5

டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று பார்த்தேன், மகிழ்ச்சி. கடைசியாகக் கேட்ட இரண்டுக்கும் பதில். மல்லிகைப்பூ ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் ஞாயிறு இரவு ரயில் ஏறுமுன் மொட்டாக வாங்குங்கள், வாழை இலையில் கட்டித் தருவார்கள், காலையில் சென்னையில் விரியும். இது சீசன் இல்லை, விலை பார்த்துத் திகைக்காதீர்கள். இரண்டாவது, ஞாயிறு இரவு சென்னை ரயிலுக்கு எட்டரைக்குள் ஸ்டேஷனில் இருங்கள். மேலவெளி வீதியில் அந்த நேரத்துக்கு வண்டி நகராது, பெட்டி கனமில்லை என்றால் நடந்துவிடுங்கள், அம்மாவுக்கு மட்டும் ஆட்டோ.